ஆதுலசாலை யாருக்கு?

மருத்துவமனையும் வழிபாட்டுத் தலமும் சேர்ந்து வேலை செய்தால் ஓர் ஊரின் உடல்நலம் தேறுமா? இந்தக் கேள்விக்குக் கல்வெட்டுக் காலம் முதல் இன்றைய மருத்துவ இதழ்கள் வரை விடை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிலர் தேறும் என்றார்கள். சிலர் கூட்டம் கூடுவதே நோய்க்கு வழி என்றார்கள். மருந்து கொடுக்கும் கை மதத்தையும் சேர்த்துக் கொடுக்குமோ என்று அஞ்சியவர்களும் உண்டு. ஒவ்வொரு விடைக்கும் ஒரு காலமும் ஒரு காரணமும் இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்க வாலாஜாபாத் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. இங்கே சொல்லப்பட்ட முதல் விடை ஏறத்தாழ 950 ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது.

கல்லில் எழுதிய கணக்கு

வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுச் சாலையில் போனால் பழைய சீவரம் வரும். அங்கே பாலாற்றைக் கடந்தால் அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் என்பதால் அந்தப் பெயர். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று 55 வரிகளில் ஓடுகிறது. கோயிலின் வரவுசெலவைச் சொல்லும் அந்தக் கல்வெட்டில் பூசைக்கும் திருவிழாவுக்கும் ஒதுக்கியவற்றோடு, வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் ஒரு பள்ளி, அதன் மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயர் கொண்ட ஓர் ஆதுலசாலை ஆகியவற்றின் கணக்கும் இருக்கிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். எனவே ஆதுலசாலை என்பது மருத்துவமனைதான்.

அதில் 15 படுக்கைகள். படுத்திருப்பவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர், அதாவது அறுவை மருத்துவர், ஒருவர். மூலிகை கொண்டுவரவும் மற்ற வேலைகளுக்கும் இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவருபவர் ஒருவர். மருத்துவரின் பெயரும் ஊரும்கூடப் பதிவாகியுள்ளன: ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல். செவிலிப் பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் 1 காசும். நாவிதருக்கு 15 கலம்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் கணக்கெழுதியவரின் கவனம் தெரியும். 12 குறுணி ஒரு கலம். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்து, மருத்துவருக்கு நாளுக்கு 3 குறுணி, அறுவை மருத்துவருக்கு ஒரு குறுணி, செவிலி ஒருத்திக்கு அரைக் குறுணி என்று பெருக்கினால் இந்தத் தொகைகள் பிசகாமல் வரும். அதாவது இது விழாநாளுக்கான தானம் அன்று, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்குமான சம்பளம். இரவெல்லாம் எரியும் விளக்குக்கான எண்ணெய்க்கும் தனி ஒதுக்கீடு உண்டு. இருப்பில் இருக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன. தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி என்று கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை சில. வில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாண லவணம் என்று நெய், சூரணம், உப்பு வகைகள் சில. மருந்து இருப்புப் பட்டியலை மக்கள் பார்க்கும் சுவரில் எழுதிவைத்த மருத்துவமனைகள் இன்றும் அரிது.

இந்தக் கல்வெட்டை வைத்துத்தான் முதல் தரப்பு பேசுகிறது: கோயில்தான் ஊரின் மருத்துவமனையாக இருந்தது, அந்த மரபு இடையில் அறுந்தது, மீண்டும் தொடுத்தால் போதும் என்பது அதன் வாதம். இதற்குத் துணைச்சான்றுகள் இல்லாமலில்லை. தஞ்சையில் குந்தவை பெயரோடு சேர்ந்து வரும் சுந்தரசோழ விண்ணகர ஆதுலசாலை உண்டு. திருவரங்கத்தில் பழுதுபட்ட ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்த செய்தி 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உண்டு. ஆந்திரத்து மல்காபுரத்தில், காகத்திய அரசி ருத்திரமாதேவி காலத்து 1261ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஒரு சைவ மடம் பிரசவசாலையையும் ஆரோக்கியசாலையையும் நடத்தியதைச் சொல்கிறது.

ஆனால் இந்த வாதம் ஓரிடத்தில் இடறுகிறது. திருமுக்கூடல் ஆதுலசாலை யாருக்காக? கல்வெட்டின் அமைப்பைப் பார்த்தால், பள்ளி மாணவரும் கோயில் பணியாளருமே அதன் நோயாளிகளாகக் கருதப்பட்டனர் என்று கொள்வதே பொருந்துகிறது. வேதபாடசாலையில் படித்தவர் யார், கோயிலுக்குள் பணிசெய்தவர் யார் என்பது நாம் அறியாததல்ல. ஆற்றங்கரையில் நெல் நட்ட கூலியாளுக்கோ, சேரியில் காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கோ அந்தப் 15 படுக்கைகளில் ஒன்று கிடைத்திருக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை. பணியாளர் பட்டியலில் பிரசவம் பார்ப்பவள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மல்காபுரத்தில் இருந்த பிரசவசாலை இங்கே இல்லாததற்குக் காரணம், இங்கே நோயாளி என்றால் பெரும்பாலும் ஆண் என்று எண்ணப்பட்டதாக இருக்கலாம். கணக்கு அவ்வளவு துல்லியம். ஆனால் அந்தக் கணக்குக்குள் வந்தவர் கொஞ்சம்பேர்.

கூட்டமே நோய் என்ற காலம்

இரண்டாம் தரப்பு 19ஆம் நூற்றாண்டில் உருவானது. 1866இல் கான்ஸ்டாண்டிநோப்பிளில் கூடிய உலக சுகாதார மாநாடு, காலரா பரவுவதற்குப் பெரும் காரணங்களில் இந்துக்களின் யாத்திரைகளை முன்வரிசையில் வைத்தது. அதற்குப் பின் சென்னை மாகாண சுகாதார அதிகாரிகளின் கண்ணில் திருவிழா என்பது கிணறும் கழிவுநீரும் கலக்கும் இடம். வழிபாட்டுக் கூட்டத்தோடு மருத்துவத்துக்கு இருந்த உறவு, மருத்துவர் கண்காணிப்பவர், பக்தர் கண்காணிக்கப்படுபவர் என்பதே.

இந்தப் பார்வையை வெறும் காலனிய இறுமாப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. காலரா உண்மையிலேயே கூட்டத்தோடு நடந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனிப்பகுதி ஒதுக்கியது. குடிநீரில் குளோரின், தற்காலிகக் கழிப்பிடம், தடுப்பூசி என்று இன்றும் திருவிழா நாட்களில் நடக்கும் ஏற்பாடுகளுக்கு வேர் அதில்தான். காஞ்சிபுரத்தில் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த அத்திவரதர் வைபவத்துக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். மருத்துவ முகாம்களும் ஆம்புலன்ஸ்களும் நின்றன. அப்படியும் ஜூலை 18 அன்று நெரிசலில் உயிர்கள் போயின. அந்த அளவுக் கூட்டத்தில் மருத்துவரும் கோயில் நிர்வாகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டமிட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இந்தத் தரப்பின் குறை வேறு. கூட்டத்தை ஆபத்தாக மட்டும் பார்த்ததால், கூட்டம் கலைந்த மறுநாள் அதற்கு வேலை முடிந்துவிட்டது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வைபவத்துக்கு இருந்த மருத்துவத் திட்டம், அதே கோயில் தெருவில் தினமும் தறியில் உட்காருபவரின் ரத்த அழுத்தத்துக்கு இருந்ததா என்று அது கேட்டதில்லை.

மிஷன் மருத்துவமனைகள்

மூன்றாம் தரப்பு கிறித்தவ மிஷன்களுடையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவருக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி தொடங்கிய ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கியது, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு ஆண் மருத்துவரை ஏற்க மறுத்து, மூன்று பெண்களும் இறந்ததே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது என்று சொல்லப்படுவதை வேலூர்க்காரர் பலரும் அறிவர். அந்த மூன்று வீடுகளும் ஒரே மதத்தைச் சேர்ந்தவை அல்ல. எல்லாச் சமூகத்திலும் ஒரே கதவு பெண்ணுக்கு அடைபட்டிருந்தது என்பதே அந்தச் செய்தியின் கனம்.

வாலாஜாபாத்துக்கு இன்னும் பக்கத்தில் செங்கல்பட்டுத் திருமணி. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் மிஷன் பின்புலம் கொண்ட மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1940களில் சல்ஃபோன் மருந்துகளைச் சோதித்தார். 1955இல் மத்திய அரசு அந்த இல்லத்தை ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. சமய அமைப்பு தொடங்கியதை அரசு எடுத்து நடத்திய சான்றாக இதைக் கொள்ளலாம். கத்தோலிக்கர் தரப்பில், ஆஸ்திரேலிய மருத்துவரும் கன்னியாஸ்திரியுமான மேரி குளோரி 1943இல் தொடங்கிய அமைப்பு, இன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் உறுப்பாகக் கொண்ட இந்தியக் கத்தோலிக்க சுகாதாரச் சங்கமாக நிற்கிறது.

மிஷன் மருத்துவத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றுதான், ஆனால் கனமானது. நோயில் படுத்திருப்பவனின் பலவீனத்தை மதமாற்றத்துக்குப் பயன்படுத்தலாமா? 1930களில் காந்தி இதை வெளிப்படையாகக் கேட்டார். 1956இல் மத்தியப் பிரதேசத்தின் நியோகி குழு, மருத்துவ சேவையை மதமாற்றத்துக்குக் கருவியாக்குவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கேள்வி நியாயமானது. வேலூரும் திருமணியும் கண்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் மதத்திலேயே வீடு திரும்பியவர்கள் என்பதும் உண்மை. தொழுநோயாளியைத் தொட்டுக் கட்டுப்போட வேறு எந்தச் சபையும் முன்வராத காலத்தில் ஒரு சபை முன்வந்தது என்பதை எந்தக் குற்றச்சாட்டும் அழித்துவிடாது.

மடமும் மன்றமும்

விடுதலைக்குப் பின் இந்து அமைப்புகளும் இந்த வழியில் வந்தன. காஞ்சி சங்கர மடத்தின் ஜெயேந்திரர் 1976இல் மருத்துவர்களிடம் விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து, எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். தாம்பரம் இந்து மிஷன் மருத்துவமனைக்கும் மடத்தின் ஆதரவு உண்டு. திருப்பதி தேவஸ்தானம் எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கென ‘பிர்ட்’ மருத்துவமனையை நடத்துகிறது. இவை சிறந்த மருத்துவமனைகள். ஆனாலும் பெரும்பாலும் நோயாளி இவற்றைத் தேடிப் போகிறார், சபை வழியாக மருத்துவம் தெருவுக்கு வருவது குறைவு.

இந்தக் கட்டுரையின் கேள்விக்கு இவற்றைவிட நெருக்கமான உதாரணம் மேல்மருவத்தூர். ஆதிபராசக்தி சித்தர் பீடத்துக்கு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் உண்டு. ஊர் ஊராக வார வழிபாட்டு மன்றங்களும் உண்டு. வாரந்தோறும் ஒரே ஆட்கள் கூடும் அமைப்பு இந்து வழிபாட்டில் அரிது, பெண்கள் முன்னின்று நடத்துவது இன்னும் அரிது. மாதவிலக்கு நாளிலும் கோயிலுக்குள் வரலாம் என்ற அந்தப் பீடத்தின் வழக்கம், பெண்ணின் உடலைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஓர் இடம் திறந்தது என்று வாதிடலாம். அந்த மன்றங்களின் வழியாக ரத்தசோகையோ கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையோ எவ்வளவு தூரம் போக முடியும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்குத் தகுதியான விஷயம்.

ஏர்வாடிக்குப் பிறகு

வழிபாட்டுத் தலமும் மருத்துவமும் சந்திக்கும் மிக நுட்பமான இடம் மனநோய். இங்கேதான் பேரிழப்பும் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த தனியார் மனநல இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னர் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 95ஆம் பிரிவில், மனநோயாளி எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை விதித்தது.

இந்தத் துயரிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று: வழிபாட்டுத் தலங்களிலிருந்து நோயாளிகளை முற்றாக அகற்ற வேண்டும். மற்றொன்று: மக்கள் எப்படியும் அங்கேதான் போகிறார்கள் என்றால், மருத்துவரும் அங்கே போய் உட்கார வேண்டும். குஜராத்தின் உனாவா தர்காவில் ‘தவா–துவா’, அதாவது மருந்தும் இறைவேண்டலும் (துஆ), என்ற பெயரில் 2008 வாக்கில் தொடங்கிய முறை இரண்டாம் வழி. பின்னாளில் ஏர்வாடியிலும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் தர்காவுக்கு அருகிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினர். திருச்சிக்கு அருகே குணசீலத்தில், மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் கோயில் வழக்கத்தோடு, மனநல மருத்துவர் வந்து பார்க்கும் மறுவாழ்வு மையமும் சேர்ந்தது.

இதில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். தர்காவைப் பராமரிக்கும் முஜாவர் ஒருவர் நோயாளியின் தாயிடம், “துஆவும் செய்வோம், டாக்டர்கிட்டயும் காட்டுங்கம்மா” என்று சொல்லும்போது நடப்பதை எந்தச் சுவரொட்டியாலும் நடத்த முடியாது. பைத்தியம் என்ற சொல்லுக்கு அஞ்சி மருத்துவமனை வாசலை மிதிக்காத குடும்பம், தர்கா வாசலில் மாத்திரை வாங்குகிறது. ஆனால் இதே முறையின் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது: மருத்துவர் அருகில் இருப்பதால், தங்குமிடத்தில் நடப்பதற்கெல்லாம் ஓர் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகத் தோன்றலாம். சங்கிலி இல்லை என்று யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில் விடை இருக்க வேண்டும்.

அளந்து பார்த்தவர்கள்

சான்றுகள் என்ன சொல்கின்றன? பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் முதலியோர் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிற்றாய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் சராசரி ஆறு வாரம் தங்கிய 31 மனநோயாளிகளிடம், மருந்தேதும் இல்லாமலேயே நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பரபரப்பாகப் பேசப்பட்ட முடிவு இது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. கோயிலுக்கு வராதவர்களும் அதே காலத்தில் அவ்வளவு தேறியிருப்பார்களா என்பது தெரியாது. பரிவோடு நடத்தும் இடம், வேலை, உணவு, குடும்பத்தின் துணை ஆகியவையே பலன் தந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கையாகத்தான் சொன்னார்கள்.

அமெரிக்காவில் இந்த உறவுக்கு நீண்ட வரலாறு உண்டு. லூத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பர்க் 1984இல் இலினாய் மாநிலத்தின் மருத்துவமனை ஒன்றோடு சேர்ந்து, தேவாலயங்களில் செவிலியரை அமர்த்தும் முறையைத் தொடங்கினார். மெம்பிஸ் நகரில் மெதடிஸ்ட் மருத்துவமனைக் குழுமம் 2000களின் நடுவில் நூற்றுக்கணக்கான சபைகளோடு ஓர் இணைப்பை உருவாக்கியது. நோயாளி மருத்துவமனையில் சேர்ந்தவுடன் அவருடைய சபையின் தொடர்பாளருக்குச் செய்தி போகும். வீடு திரும்பியபின் மருந்து, உணவு, மறுபரிசோதனைக்கு வண்டி என்று சபை பார்த்துக்கொள்ளும். இதில் சேர்ந்தவர்களின் இறப்பு விகிதம் ஒப்பீட்டுக் குழுவினருடையதில் பாதியளவு என்று அறிக்கைகள் வந்தன. இதன் பலவீனமும் வெளிப்படை: தம் சபைக்குப் பெயர் கொடுத்துச் சேருபவர் ஏற்கெனவே உறவும் ஆதரவும் உள்ளவர். தனியாளாய், எந்தச் சபையிலும் இல்லாமல், நோயில் விழுபவரோடு அவரை ஒப்பிடுவது எடைக்கல்லே வேறான தராசு.

இந்தக் குறையைத் தாண்டிய ஆய்வு நைஜீரியாவின் எனுகு மாநிலத்திலிருந்து வந்தது. 40 தேவாலயங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் கர்ப்பிணிகளுக்கு நம்மூர் வளைகாப்பு போன்ற ஒரு நிகழ்ச்சியோடு இரத்தப் பரிசோதனையும் சேர்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: அங்கே எச்ஐவி சோதனை செய்துகொண்டவர் ஏறத்தாழ 92 சதவீதம், மற்றப் பகுதியில் 55 சதவீதம். இவ்வளவு தெளிவான வேறுபாடு இத்துறையில் குறைவு. ஆனால் அது ஒருமுறை செய்யும் சோதனை. சர்க்கரை நோய்க்கு வேண்டியது ஆயுள் முழுதும் மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும்.

தமிழ்நாட்டின் அனுபவம் மற்றொரு எச்சரிக்கையைத் தருகிறது. 1976இல் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்ச் சங்கங்கள், சமய அமைப்புகள், நன்கொடையாளர்கள் ஆகியோரோடு சேர்ந்து கண் முகாம்களை நடத்தி உலகப் புகழ் பெற்றது. ஆனால் 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை இருந்த கிராமத்தவரில் ஏறத்தாழ 7 சதவீதத்தினர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தனர் என்று காட்டியது. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று மற்றவர் சொன்ன காரணங்கள் பல. அரவிந்த் அதை மறைக்காமல், கிராமங்களில் நிலையான கண் மையங்களை அமைக்கத் தொடங்கியது. முகாமுக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதைத்தான் வழக்கமாக அறிக்கையில் எழுதுகிறோம். வராதவரை எண்ணிய அந்த ஆய்வு, இந்தத் துறையில் நேர்மைக்கு ஒரு முன்மாதிரி.

வீடு தேடி வரும் அரசு

சமயமே வேண்டாம், அரசே வாசலுக்கு வரட்டும் என்பது கடைசித் தரப்பு. தமிழ்நாட்டில் இதற்கு வலிமையான சான்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பெண் தன்னார்வலர்கள் வழியே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அங்கே சாதி, மதம், சபை எதுவும் கேட்கப்படுவதில்லை. பொதுச் சுகாதாரத்தின் அடித்தளம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாத்திரையைக் கொடுத்தபின் அதை விழுங்க வைப்பது, குடியை விடவைப்பது, முதல் பிரசவத்துக்குப் பின் சோர்ந்துபோன மருமகளை மனநல மருத்துவரிடம் அனுப்ப மாமியாரை இணங்கவைப்பது ஆகியவற்றில் தன்னார்வலரின் சொல்லோடு, அந்த வீடு மதிக்கும் வேறொருவரின் சொல்லும் தேவைப்படலாம். போலியோ ஒழிப்பில் உத்தரப் பிரதேசத்தின் இமாம்கள் தொழுகைக்குப் பின் பேசியது இவ்வகை. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானதற்குப் பின்னால் தடுப்பு மருந்தோடு அந்தக் குரல்களும் இருந்தன.

இங்கே ‘சபை’ எது?

மெம்பிஸ் முறையை வாலாஜாபாத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே சபை என்றால் பெயர்ப் பதிவு உண்டு. இங்கே அப்படிப் பதிவு வைத்திருப்பவை பள்ளிவாசல் ஜமாஅத்தும் தேவாலயப் பங்கும். கத்தோலிக்கப் பங்குகளில் சில குடும்பங்கள் சேர்ந்த அன்பியங்களும் உண்டு. ஊர்க்கோயிலுக்கு வருபவருக்குப் பதிவேது? திருவிழா வரி கொடுக்கும் தலைக்கட்டுக் கணக்கு ஒன்றுதான் உண்டு. அதுவும் பெரும்பாலும் ஒரு சாதியின் கணக்கு, ஆண்களின் கணக்கு. அந்தப் பட்டியலை மருத்துவத்துக்கு எடுத்தால், அதில் இல்லாதவர் மருத்துவத்திலும் இல்லாமல்போவார். திருமுக்கூடல் கல்வெட்டின் குறை மீண்டும் வேறு எழுத்தில் எழுதப்படும்.

வாலாஜாபாத்துக்கும் காஞ்சிக்கும் இடையில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தெருக்களை எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் உட்காருபவர் கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார். முதுகு பாவின் மேல் வளைந்திருக்கிறது, கண் ஜரிகையை விட்டு நகராது. கோர்வைப் புடவை என்றால் கரையையும் உடலையும் கோக்க எதிரே இன்னொருவர் வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவரின் கூலியும் நிற்கும். மூட்டுவலியும் முதுகுவலியும் கண் மங்கலும் இந்தத் தொழிலோடு வருகின்றன. இவர் வேலைநாளில் முகாமுக்கு வரமாட்டார். ஆனால் பல நெசவுக் குடும்பங்களில் அமாவாசையன்று தறி ஓடாது. மார்கழி விடியலில் பஜனை, தெருவில் பாவு நீட்டும்போது கூடும் பத்துப் பேர், ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் ஆகியவையே அவருடைய சபை. மருத்துவமனையின் நாட்காட்டி ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கிறது, தறியின் நாட்காட்டி அமாவாசையைப் பார்க்கிறது. எந்த நாட்காட்டி எதற்கு இறங்கிவரும் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். இதுவரை இங்கு நடந்த முகாம்கள் பலரைத் தவறவிட்டிருந்தால், அதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

தீராதவை

மேலே கண்ட தரப்புகளில் எதுவும் முழுக்கத் தோற்றுவிடவில்லை, எதுவும் முழுக்க வென்றுவிடவும் இல்லை. ஒருமுறைச் சோதனைக்கும் தடுப்பூசிக்கும், வெட்கத்தால் மறைக்கப்படும் நோய்க்கும் சபையின் துணை பயன் தருகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நீண்டகால நோய்களில் அது உயிரைக் காக்கிறதா என்பதற்குத் தமிழ்நாட்டில் போதிய ஒப்பீட்டு ஆய்வு வேண்டும். சபைக்கு வெளியே இருப்பவருக்கு அதனால் நன்மையா, அல்லது அவர் இன்னும் ஓரமாகிறாரா என்பதை அளக்காமல் வரும் எந்த முடிவும் அரைகுறையே.

பணத்தின் வழியும் தெளிவாக வேண்டும். தமிழ்நாட்டின் அறநிலையத் துறைக்குக் கீழே 40,000க்கும் மேற்பட்ட சமய நிறுவனங்கள் இருக்கின்றன. கோயில் உபரி நிதியை எதற்குச் செலவிடலாம் என்பதில் நீதிமன்ற வழக்குகள் தொடர்கின்றன. கோயில் பணம் கோயிலுக்கே என்பாரும், ஊருக்கும் என்பாரும் இரு பக்கமும் நிற்கிறார்கள். 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 66ஆம் பிரிவில் தரும் பட்டியலில் மருத்துவமனையும் மருந்தகமும் இடம்பெறுகின்றன, ஆனால் யாத்ரீகர்களின் நன்மைக்காக என்ற வரம்போடு.

ஒவ்வோர் ஆண்டும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காக வாலாஜாபாத் வழியே பழைய சீவரம் மலையேறி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருகிறார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே கூடுகிறார்கள். வழியெங்கும் தெருக்களில் மண்டகப்படி, கூட்டம், பந்தல். அன்று அய்யம்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு வாசலில் கற்பூரத் தட்டோடு நிற்கும் நெசவாளர், அந்தச் சட்டத்தின்படி யாத்ரீகரா, ஊராரா?